தாத்தா பாட்டியோடு வெளிநாடு போகும் பேரப்பிள்ளை: எந்தக் காகிதம், எதற்காக?

மகளுக்கும் மருமகனுக்கும் லீவு கிடைக்கவில்லை. ஆறு வயதுப் பேத்தியைத் தாத்தாவும் பாட்டியும் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போகிறார்கள். இன்னொரு வீட்டில், பிரசவத்துக்கு நியூஜெர்சி போன பாட்டி ஊர் திரும்பும்போது பேரனையும் கையோடு சென்னைக்குக் கொண்டுவருகிறார். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் தயார். அப்போதுதான் யாராவது ஒருவர், "அப்பா அம்மா லெட்டர் இல்லாவிட்டால் ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்" என்று கிளப்பிவிடுவார். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்பார் ஒருவர். நோட்டரி முத்திரை இல்லாமல் செல்லாது என்பார் மற்றொருவர். டிராவல் ஏஜென்ட் அப்போஸ்டில் என்ற புதுச் சொல்லை அறிமுகப்படுத்துவார்.

மூன்றும் ஏதோ ஒரு நாட்டுக்கு, ஏதோ ஒரு குடும்பச் சூழலுக்குச் சரிதான். யாருக்கு எது என்று பிரித்துச் சொல்லாததால்தான் குழப்பம். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சட்டத்தின் கண்ணில் தாத்தா யார்?

நம் வீடுகளில் பேரப்பிள்ளை மீது தாத்தா பாட்டிக்குள்ள உரிமையை யாரும் கேள்வி கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் விடுவதும், ஊசி போடக் கூட்டிப்போவதும், மொட்டையடித்துக் காது குத்துவதும் பல நேரம் அவர்கள் கையில்தான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 1956-இன் 6-ஆம் பிரிவு 'இயற்கைப் பாதுகாவலர்' என்று தந்தையையும் தாயையும்தான் சொல்கிறது. 'தந்தை, அவருக்குப் பின் தாய்' என்று அதில் இருந்ததைக் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது: 'பின்' என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, தந்தை பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாயே பாதுகாவலர். இந்தப் பட்டியலில் தாத்தா பாட்டி எங்குமே இல்லை. நீதிமன்றத்துக்குப் போய், பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம், 1890-இன்படி நியமனம் பெற்றால்தான் அவர்கள் பாதுகாவலர்.

இங்கே எல்லோரும் இடறும் ஓர் இடம் உண்டு. நீதிமன்றமே தாத்தாவைப் பாதுகாவலராக நியமித்துவிட்டால் எங்கு வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறோம். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் அதன் அனுமதி இல்லாமல் குழந்தையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது; விதிகளில் சொன்ன சில காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. ஆகவே நியமன உத்தரவு கையில் இருந்தாலும், வெளிநாட்டுப் பயணத்துக்குத் தனியாக மனுப் போட்டு அனுமதி வாங்குவதே பாதுகாப்பு.

'பவர்' எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்பது அடுத்த கேள்வி. சொத்து விற்க, வங்கிக் கணக்கைக் கையாளப் பவர் பத்திரம் பயன்படும். பெற்றோர் என்ற தகுதியை அதில் எழுதி இன்னொருவருக்கு மாற்றிவிட முடியாது. பயணத்துக்குத் தேவைப்படுவது உரிமை மாற்றமும் அல்ல. 'இந்தப் பயணத்துக்கு, இந்த நாட்களுக்கு, இவரோடு அனுப்ப எங்களுக்குச் சம்மதம்' என்ற எளிய ஒப்புதல்தான்.

எல்லையில் ஏன் இத்தனை சந்தேகம்?

பிரிந்த தம்பதியரில் ஒருவர், மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவது உலகம் முழுக்க நடக்கிறது. இதற்காகவே 1980-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. உறுப்பு நாடு ஒன்றிலிருந்து 16 வயதுக்கு உட்பட்ட குழந்தை முறையற்றுக் கொண்டுபோகப்பட்டால், அதை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே விரைவாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், இலங்கை ஆகியவை அதில் இருக்கின்றன.

இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-இல் தன் 218-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2016-இல் ஒரு மசோதா வரைவும் 263-ஆம் அறிக்கையும் வந்தன. சட்டமாகவில்லை. நம் நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்கிலும் குழந்தையின் நலனை முன்வைத்துத் தனித்தனியாக முடிவெடுக்கின்றன. 2009-இல் ஒரு வழக்கில் குழந்தையை அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2017-இல் பிரிட்டனிலிருந்து வந்த வேறொரு வழக்கில் குழந்தை இங்கே தாயிடமே இருக்கட்டும் என்றது.

பேத்தியோடு சிங்கப்பூரின் மெர்லயன் சிலையைப் பார்க்கப் போகும் தாத்தாவுக்கு இதில் என்ன சம்பந்தம்? இந்தியாவுக்குப் போய்விட்ட குழந்தையை உடன்படிக்கையைக் காட்டித் திரும்பப் பெற முடியாது என்பது வெளிநாட்டு அதிகாரிகளுக்குத் தெரியும். அதனால் இந்தியாவை நோக்கிப் பெற்றோர் இல்லாமல் போகும் குழந்தை என்றால் அவர்கள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பதில் வியப்பில்லை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு கோபப்படுகிற பெரியவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே கடினமாக்கிக்கொள்கிறார்கள்.

விமான நிறுவனத்துக்கு வேறொரு கணக்கு. இறங்கும் நாடு அனுமதி மறுத்தால், பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே இமிக்ரேஷனுக்கு முன்பே செக்-இன் கவுன்டரில் 'பெற்றோர் லெட்டர் இருக்கிறதா' என்று கேட்டால், அது அவர்களுடைய முன்னெச்சரிக்கை.

காகிதங்கள் பதில் சொல்ல வேண்டிய மூன்று கேள்விகள்

எந்த நாடானாலும் அதிகாரி தேடுவது இவ்வளவுதான்:

1. இந்தக் குழந்தை யார்? இதற்குப் பாஸ்போர்ட், விசா.

2. கூட வருகிற நீங்கள் இதற்கு என்ன உறவு? இதற்குப் பிறப்புச் சான்றிதழும், அதிலுள்ள பெற்றோரை உங்களோடு இணைக்கும் இன்னொரு ஆவணமும்.

3. பெற்றோருக்கு இது தெரியுமா, சம்மதமா? இதற்கு ஒப்புதல் கடிதம், கையெழுத்து தெரியும் பாஸ்போர்ட் நகல்கள், உடனே எடுக்கும் தொலைபேசி எண்.

முதல் கேள்வியில் பெரிய சிக்கல் இல்லை, ஒன்றைத் தவிர. நம் பாஸ்போர்ட் பத்தாண்டு என்ற பழக்கத்தில் குழந்தையுடையதும் அப்படியே என்று இருந்துவிடுகிறோம். இந்தியாவில் சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்கு அல்லது 18 வயது வரைக்கும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை. 15 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் பத்தாண்டு கேட்கலாம். பல நாடுகள் நுழையும் நாளில் 6 மாதம் மீதி இருக்க வேண்டும் என்பதால், நடைமுறையில் அது நாலரை ஆண்டுப் பாஸ்போர்ட். புதுப்பிக்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்பதால், அவர்கள் ஊரில் இருக்கும்போதே அதை முடிப்பது நல்லது.

இரண்டாம் கேள்விதான் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனித் தலைவலி.

குடும்பப்பெயர் இல்லாத குடும்பம்

கந்தசாமி மகன் ராமசாமி. அவர் மகன் செந்தில்குமார். அவர் மகள் யாழினி என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் 'குடும்பப்பெயர்' என்ற கட்டத்தில் நம்மவர்கள் தந்தை பெயரை எழுதுவதால், தாத்தா 'ராமசாமி கந்தசாமி', பேத்தி 'யாழினி செந்தில்குமார்'. இரண்டு பெயரிலும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. தாத்தா, மகன், பேரன் மூவருக்கும் ஒரே குடும்பப்பெயர் இருக்கும் ஊரிலிருந்து வந்த அதிகாரிக்கு இது இரண்டு அந்நியர்களின் பாஸ்போர்ட். தாய்வழித் தாத்தா பாட்டி என்றால் இன்னும் தூரம். மகள் திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தால் தாயின் பெயரிலும் தாத்தாவின் தடயம் இருக்காது.

இந்த இடைவெளியை நிரப்பும் பாலம் நம் கையிலேயே இருக்கிறது. தற்போது புழக்கத்திலுள்ள இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய், கணவன் அல்லது மனைவி பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. செந்தில்குமாரின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கம் 'தந்தை ராமசாமி' என்கிறது. யாழினியின் பிறப்புச் சான்றிதழ் 'தந்தை செந்தில்குமார்' என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் சங்கிலி முழுமையாகிவிடும். ஆகவே பெற்றோர் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்தால் போதாது, கடைசிப் பக்கமும் வேண்டும்.

மகனோ மகளோ இப்போது அமெரிக்கக் குடிமக்களாக இருந்தால்? அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் கிடையாது. அப்போது கைகொடுப்பது, குடியுரிமை மாறியபோது ரத்துசெய்து திருப்பித் தந்த பழைய இந்தியப் பாஸ்போர்ட். அதன் கடைசிப் பக்க நகலைத் தேடி எடுங்கள். அதுவும் இல்லையென்றால் மகனின் பிறப்புச் சான்றிதழ் அல்லது தந்தை பெயருள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழ்.

சங்கிலி அறுந்துபோகும் இடங்கள் மூன்று:

1. பெயரில்லாப் பிறப்புச் சான்றிதழ். பெயர் சூட்டும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால், பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கும். தமிழ்நாட்டில் பதிவுசெய்த 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமலும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கவே பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஒரே ஆதாரம் என்பதால், இளைய பேரப்பிள்ளைகளிடம் இந்தக் குறை அவ்வளவாக இருக்காது. பத்து வயதுக்காரர்களின் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

2. எழுத்துக்கூட்டல். லட்சுமியை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். சண்முகத்துக்கும் அதே கதி. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறு விதம் என்றால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் செய்துகொள்வது வழக்கம். ஒப்புதல் கடிதத்திலேயே 'பிறப்புச் சான்றிதழில் இன்ன பெயரில் உள்ள நானும் இந்தப் பாஸ்போர்ட்டுக்கு உரிய நானும் ஒருவரே' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இன்னும் சுலபம்.

3. இனிஷியலும் ஒற்றைப் பெயரும். 'வி. லட்சுமி' என்று சான்றிதழிலும் 'லட்சுமி வெங்கடேசன்' என்று பாஸ்போர்ட்டிலும் இருக்கும். இதற்கும் மேற்சொன்ன வரியே மருந்து. ஒற்றைப் பெயர் வேறு ரகம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாகப் பெயர் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயர் அல்லது குடும்பப்பெயர் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் தந்தது. வெறும் 'யாழினி' என்று பாஸ்போர்ட் எடுத்த குழந்தையைத் துபாய்க்குக் கூட்டிப்போவோர் டிக்கெட் போடுமுன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

ஒப்புதல் கடிதம்: வரி வரியாக

இதற்கென்று உலகம் முழுதும் ஏற்ற ஒரே படிவம் கிடையாது. கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. உள்ளடக்கம் ஏறத்தாழ இப்படி:

'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள், (பிறந்த தேதி, பிறந்த ஊர், பாஸ்போர்ட் எண்) உடைய (குழந்தையின் முழுப்பெயர்) என்பவரின் சட்டப்படியான பெற்றோர். எங்கள் மகள் தன் தாய்வழித் தாத்தா (முழுப்பெயர், பாஸ்போர்ட் எண்), பாட்டி (முழுப்பெயர், பாஸ்போர்ட் எண்) ஆகிய இருவரோடுமோ அவர்களில் ஒருவரோடு மட்டுமோ, (தேதி) முதல் (தேதி) வரை (நாடு) சென்று திரும்ப எங்கள் முழுச் சம்மதத்தைத் தருகிறோம். அங்கே தங்கும் முகவரி இது. பயணத்தின் நோக்கம் விடுமுறை. எங்கள் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் கீழே.'

'அவர்களில் ஒருவரோடு மட்டுமோ' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்து, பாட்டி மட்டும் குழந்தையோடு திரும்ப வேண்டி வந்தால், 'இருவரோடும்' என்று மட்டும் உள்ள கடிதம் பயன்படாது. திரும்பும் தேதியில் ஒரு வாரம் கூடுதலாகப் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். விமானம் ரத்தாவது புதிதல்ல. ஆனால் 'எப்போது வேண்டுமானாலும், எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும்' என்று தேதியில்லாமல் எழுதிய கடிதம் எதிர்விளைவைத்தான் தரும். அப்படி எழுதித்தர எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்கள் என்றே அதிகாரிக்குத் தோன்றும்.

இருவர் கையெழுத்தும் வேண்டும். அப்பா துபாயிலும் அம்மா கோவையிலும் இருந்தால் ஒரே தாளைக் கூரியரில் அலைக்கழிக்காமல், ஆளுக்கொரு கடிதமாகத் தனித்தனியே எழுதலாம். இரண்டு குழந்தைகள் என்றால் குழந்தைக்கு ஒன்றாக எழுதுவது நல்லது. கையெழுத்து, பாஸ்போர்ட்டில் உள்ளதைப்போல் இருக்கட்டும். வங்கியில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று கையெழுத்து வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

நோட்டரியா, அப்போஸ்டிலா?

நோட்டரி என்பவர் 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டப்படி அரசு நியமித்த வழக்கறிஞர். 'இன்னார் என் முன்னால் கையெழுத்திட்டார்' என்பதற்கு அவர் சாட்சி. கடிதத்தில் எழுதியது உண்மை என்பதற்கு அவர் பொறுப்பல்ல. பெற்றோர் நேரில் போய் அடையாளச் சான்றைக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். கோர்ட்டு வாசலில் ஆள் வராமலே முத்திரை குத்தித் தரும் வசதி இருப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. பெற்றோர் வெளிநாட்டில் இருந்த தேதியில் சென்னை நோட்டரி முன் 'நேரில்' கையெழுத்திட்டதாக இருக்கும் கடிதத்தைப் பாஸ்போர்ட் முத்திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்போஸ்டில் என்பது அடுத்த அடுக்கு. ஒரு நாட்டு நோட்டரியின் முத்திரை உண்மையானதா என்று இன்னொரு நாட்டுக்கு எப்படித் தெரியும்? இதற்காக 1961-இல் ஹேக்கில் உருவான வேறோர் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. குழந்தைக் கடத்தல் உடன்படிக்கை வேறு, இது வேறு. நோட்டரி கையெழுத்திட்ட தாளை முதலில் மாநில அரசின் உரிய துறையோ சார் ஆட்சியர் நிலை அதிகாரியோ உறுதிசெய்ய, பிறகு வெளியுறவு அமைச்சகம் அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டும். அந்த ஸ்டிக்கரே அப்போஸ்டில். உறுப்பு நாடுகள் அதற்குமேல் தூதரக முத்திரை கேட்பதில்லை. சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலும், கனடாவில் 2024 ஜனவரியிலும் இது நடைமுறைக்கு வந்தது. அமீரகம் இதில் இல்லை. அங்கே முறைப்படியான சான்றொப்பம் தேவைப்பட்டால் அமைச்சகத்துக்குப் பிறகு அமீரகத் தூதரகத்துக்கும் போக வேண்டும்.

பத்து நாள் சுற்றுலாவுக்கு அப்போஸ்டில் பெரும்பாலும் வீண் செலவு. போகும் நாட்டின் விசா பட்டியலில் அந்தச் சொல் வெளிப்படையாக இருந்தால் மட்டும் எடுங்கள். அங்கே பள்ளியில் சேர்ப்பது, நீண்ட காலம் தங்குவது என்றால் கதை வேறு.

பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்டு நோட்டரி போதுமா என்பது, கடிதத்தை எங்கே காட்டப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க எல்லையில் காட்ட அமெரிக்க நோட்டரி போதும். இந்தியாவில் ஓர் அரசு அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமானால், இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் அல்லது அந்த நாட்டு அப்போஸ்டில் கேட்கப்படலாம்.

எந்த நாடு என்ன எதிர்பார்க்கிறது?

பிரிட்டனை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே விதி விசாவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர் பெரியவரோடு வருவதாக விண்ணப்பித்தால், எந்தப் பெரியவரோடு என்று விசாவில் குறிக்கப்படும். அதிகபட்சம் இருவர். அவர்களில் ஒருவரும் கூட இல்லாமல் வந்து இறங்கினால் அனுமதி மறுக்கப்படலாம். பெற்றோரை மட்டும் போட்டு விசா வாங்கிவிட்டு, கடைசி நேரத்தில் தாத்தாவோடு அனுப்புவது இங்கே நடக்காது. பிரிட்டனில் வாழும் பேரப்பிள்ளையை இந்தியாவுக்குக் கூட்டிவருவோரும் கவனிக்க வேண்டும். பெற்றோர் பொறுப்பு உடையவர்களின் சம்மதமின்றிக் குழந்தையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது அங்கே குற்றம். தாத்தா பாட்டிக்கும் இது பொருந்தும்.

ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கான விசாப் படிவத்தில் குழந்தைக்காகக் கையெழுத்திட வேண்டியது பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். தாத்தா கையெழுத்திட்டால் செல்லாது. பெற்றோர் கூட வராதபோது அவர்களது ஒப்புதலும் தனியாக வேண்டும். 12 வயதுக்குக் கீழ் கைரேகை கிடையாது. கட்டணம் 6 வயதுக்குள் இல்லை, 6 முதல் 12 வரை 45 யூரோ.

கனடா கேட்பது தெளிவாக இருக்கிறது: பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி, அவர்கள் முகவரி, தொலைபேசி எண், கையெழுத்துள்ள அவர்களது பாஸ்போர்ட் நகல்கள். அமெரிக்கா கடிதத்தைக் கட்டாயமாக்கவில்லை. நோட்டரி சான்றோடு ஆங்கிலத்தில் வைத்திருக்கும்படி வலியுறுத்துகிறது, அவ்வளவுதான். கட்டாயமில்லை என்ற சொல்லை நம்பி வெறுங்கையோடு போனால், தனி அறையில் உட்கார்ந்து மகளின் போன் எடுபடும்வரை காத்திருக்க நேரலாம். அங்கே பகல் என்றால் நம் ஊரில் நள்ளிரவு.

தென்னாப்பிரிக்கா 2015 ஜூனில் சிறுவர் பயணத்துக்கு முழு விவரப் பிறப்புச் சான்றிதழையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் கட்டாயமாக்கியது. சுற்றுலா பாதிக்கப்படுகிறது என்ற எதிர்ப்புக்குப் பின் 2019-இல் தளர்த்தியது. பெற்றோர் இல்லாமல் வரும் குழந்தை விஷயத்தில் இன்றும் காகிதங்களோடு போவதே நல்லது. சிங்கப்பூருக்கு விசாவோடு, வந்து இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் மின்னணு வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி அட்டை.

இருவர் கையெழுத்தும் கிடைக்காதபோது

1. ஒருவர் இறந்திருந்தால்: இறப்புச் சான்றிதழும், இருப்பவரின் கடிதமும்.

2. விவாகரத்து ஆகியிருந்தால்: குழந்தை யார் பொறுப்பில் என்ற உத்தரவின் சான்றிட்ட நகல். அதில் 'நீதிமன்ற அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது' என்ற வரி இருக்கிறதா என்று முழுதும் படியுங்கள். இருந்தால் கடிதத்தால் பயனில்லை, மனுதான் வழி.

3. வழக்கு நடந்துகொண்டிருந்தால்: இது ஆபத்தான நிலை. உங்கள் மகள் சம்மதித்துவிட்டாள் என்பதால் மட்டும் பேரனை அழைத்துப்போனால், மருமகன் தரப்பின் புகாரில் தாத்தா பாட்டியின் பெயரும் சேரும். வழக்கறிஞரைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

4. திருமணமாகாத தாய் என்றால்: தந்தைக்குத் தெரிவிக்காமலே அவர் தனிப் பாதுகாவலர் ஆகலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இல்லையென்றால், கடிதத்தில் அதைக் குறிப்பிட்டுத் தாய் மட்டும் கையெழுத்திடுவது முறை.

அங்கிருந்து இங்கே வரும் பேரன்

அமெரிக்காவில் பிறந்த பேரன் நமக்குத்தான் பேரன், இந்தியாவுக்கு அவன் வெளிநாட்டவன். கைக்குழந்தையானாலும் சொந்தப் பாஸ்போர்ட்டும், இந்திய விசா அல்லது ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வேண்டும். குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம் புதிய பாஸ்போர்ட் நகலையும் புகைப்படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டோரின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் 5 ஆண்டுதான் என்பதால் இது அடிக்கடி மறந்துபோகும்.

ஒப்புதல் கடிதத்தில் வருகையை மட்டும் எழுதினால் போதாது. திரும்பும் பயணம் யாரோடு என்பதும் வேண்டும். பாட்டி கூட்டிவந்து, மூன்று மாதம் கழித்துச் சித்தி கொண்டுவிடுகிறார் என்றால் அது இரண்டாவது கடிதம்.

பாஸ்போர்ட் சென்னையில் தொலைந்துபோனால்? 16 வயதுக்கு உட்பட்டவருக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் தரப் பெற்றோர் இருவர் சம்மதமும் தேவை. வர முடியாதவர்கள் டிஎஸ்-3053 என்ற படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இது இப்போதே தெரிந்திருந்தால் அப்போது பதற வேண்டாம். இங்கிருந்து போகும் இந்தியக் குழந்தைக்கும் அதே கதைதான். தூதரகம் அவசரப் பயணச் சான்று தர முன்வந்தாலும் பெற்றோரைத் தொடர்புகொள்ளவே பார்க்கும்.

காய்ச்சல் வந்தால் யார் கையெழுத்து?

பயண ஒப்புதலில் மருத்துவ ஒப்புதல் தானாக அடங்காது. உயிருக்கு ஆபத்து என்றால் எந்த ஆஸ்பத்திரியும் கையெழுத்துக்காகக் காத்திருக்காது. கை முறிந்து அறுவை சிகிச்சை, மயக்க ஊசி என்னும்போதுதான் 'பெற்றோர் எங்கே?' என்ற கேள்வி வரும். ஆகவே தனித் தாளில்: அவசரச் சிகிச்சைக்கு முடிவெடுக்கத் தாத்தா பாட்டிக்கு அனுமதி, குழந்தையின் ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்துகள், குழந்தை மருத்துவரின் எண், காப்பீட்டுப் பாலிசி எண். தடுப்பூசி அட்டையின் நகலும் கூட இருக்கட்டும். மருந்துகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, மருந்துச்சீட்டோடு கொண்டுபோங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து அமீரகம் போன்ற நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்.

கவுன்டரில்

எல்லாவற்றையும் ஒரே கோப்பில், கைப்பையில் வையுங்கள். லக்கேஜில் போட்ட கடிதம் இமிக்ரேஷனைத் தாண்டிய பிறகுதான் கிடைக்கும். மேலே ஒப்புதல் கடிதம், அடுத்துப் பிறப்புச் சான்றிதழ், அதற்கடுத்துப் பெற்றோர் பாஸ்போர்ட் நகல்கள், கடைசியில் திரும்பும் டிக்கெட். அசல் கடிதம் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை அதிகாரி எடுத்துக்கொண்டாலும் கவலையில்லை. இறங்கும் நேரத்தைப் பெற்றோருக்குச் சொல்லி, தெரியாத வெளிநாட்டு எண்ணானாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

காகிதத்தைப் பார்த்து முடித்த அதிகாரி பெரும்பாலும் குனிந்து குழந்தையிடம்தான் பேசுவார். இவர் யார், பெயர் என்ன, அம்மா எங்கே, எத்தனை நாள் போகிறாய். 'தாத்தா' என்று பளிச்சென்று சொல்லும் குழந்தை, தாத்தாவின் பெயர் என்ன என்று கேட்டால் முழிக்கும். வீட்டில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டிருக்காது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைச் சொல்லிக்கொடுங்கள்.